ரொட்வைலரை அகற்றுமுன் அதன் வீட்டாரை விசாரியுங்கள்: எமது ஒழுங்கையின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் நிருவாகக் குழுவினருக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் எமது ஒழுங்கையில் வளர்க்கப்படும் "ஆபத்தான இன நாய்கள்" மூன்று மாதங்களுக்குள் அகற்றப்பட வேண்டும் என்று சங்கம் விநியோகித்த அறிவித்தல் என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதில் எவருடைய பெயரும் இல்லை. ஆனாலும் இந்த ஒழுங்கையில் ரொட்வைலர் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் என்பதும், அது என்னுடைய வீடு என்பதும் பாண்காரத் தம்பி வரை எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆகவே அறிவித்தல் பொதுவில் வந்ததைப் போலவே என் பதிலையும் எல்லோரும் வாசிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவது முறை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எரிவாயுச் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போனவருக்குப் பின்னால் கேற்றைக் கொளுவாமல் நான் உள்ளே போனேன். என் ரொட்வைலர் வீமன் வெளியே ஓடினான். முன்வீட்டு அக்கா கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். குட்டிக் காலத்திலிருந்து தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் அவரைக் கண்ட சந்தோஷத்தில் அவன் பாய்ந்து அவர்மேல் சாய்ந்தான். 46 கிலோகிராம் எடையுள்ள அந்தச் சந்தோஷம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணைத் தரையில் விழுத்தி மணிக்கட்டை முறித்தது. ஆறு வாரங்கள் அவர் ஒரு கையாலேயே சமைத்தார். "கடிக்கவில்லைத்தானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆயினும் அந்த ஆறுதலை இம்மடலில் ஒரு வாதமாக நான் பயன்படுத்தப் போவதில்லை, ஏனெனில் முறிந்த எலும்புக்குக் கடியும் ஒன்றுதான், கொஞ்சலும் ஒன்றுதான்.

வைத்தியச் செலவை நான் ஏற்றுக்கொண்டதைப் பெருந்தன்மை என்று எவரும் எண்ண வேண்டாம். இந்நாட்டில் இன்றும் பொதுச் சட்டமாக இருக்கும் உரோம-டச்சுச் சட்டத்தில், வீட்டு விலங்கு பிறருக்குத் தீங்கு செய்யும்போது உரிமையாளர் கவனமாக இருந்தாரா இல்லையா என்பதைப் பாராமலே அவரைப் பொறுப்பாளியாக்கும் மிகப் பழைய வழக்குரிமை ஒன்று உண்டு. என் விடயத்தில் அந்தச் சட்டத்தைத் தேடிப் போகவும் தேவையில்லை. கேற்றைத் திறந்து விட்டவள் நான். (உரோமப் படைகளோடு மந்தை ஓட்டி வந்த நாய்களின் வழித்தோன்றல் என்று சொல்லப்படும் ஓர் இனத்துக்கு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் கொழும்பில் உரோமச் சட்டமே பொருந்தி வருவது ஒரு வேடிக்கைதான்.)

என் மறுப்பு உங்கள் அறிவித்தலிலுள்ள ஒரு சொல்லைப் பற்றியது: "இனம்". நடந்த தவறுக்குரிய காரணத்தை நீங்கள் நாயின் இனத்தில் தேடியிருக்கிறீர்கள். அதை என் வீட்டின் நிலைமையில் தேடியிருந்தால், சங்கத்துக்குப் பயன்படக்கூடிய விடை ஒன்று கிடைத்திருக்கும்.

வீமனை நான் வாங்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், பின்மதிலால் ஏறி யாரோ தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன கிழமையில், மகன் அவனை ஒரு பிஸ்கற் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். "அம்மாவுக்குப் பாதுகாப்பு" என்றான். பெயரையும் அவனே வைத்தான். ஏழாம் மாதம் மகனுக்கு மெல்பேர்ண் விசா வந்தது. நாய் எனக்கு மிஞ்சியது. இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்க, மகனுடைய இடத்தில் ஒரு பெரிய நாயை வைத்துக்கொண்டு இரண்டு முதியவர்கள் வாழும் வீடுகள் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எத்தனையோ உண்டு. நாயைத் தெரிவு செய்தவர் ஒருவர்; அதற்குச் சோறு வைப்பவர் இன்னொருவர்; அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீதியில் நடப்பவர் வீட்டு வேலைக்கு வரும் மூன்றாம் ஒருவர். இம்மூவரில் எவருக்கும் அந்த நாயைப் பற்றி முழுமையாகத் தெரியாது. இந்த ஏற்பாட்டில் ஒரு பொமரேனியன் வளர்ந்தால் அது அயலாருக்குத் தொல்லை. ரொட்வைலர் வளர்ந்தால் அது விபத்து. இனத்தால் வரும் வித்தியாசம் அவ்வளவு உண்மை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இனத்தைப் பற்றி நான் பிந்தித்தான் படித்தேன். தென்மேற்கு ஜேர்மனியின் ரொட்வைல் என்ற சந்தை நகரில் இறைச்சிக் கடைக்காரர்கள் மாடுகளை ஓட்டவும் சிறு வண்டிகளை இழுக்கவும் வளர்த்த நாய் அது. வியாபாரம் முடிந்து திரும்பும்போது பணப்பையை அதன் கழுத்தில் கட்டிவிடுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்து மாடுகள் வண்டியேறிப் போகத் தொடங்கியதும் அதற்கு வேலை இல்லாமற் போய், இனமே அருகிப் போகும் நிலை வந்தது. பிறகு 1910 அளவில் ஜேர்மனியில் பொலிஸ் நாயாக ஏற்கப்பட்டது; 1921 இல் அந்நாட்டு ரொட்வைலர் கழகம் உருவானது. சர்வதேச நாயினச் சம்மேளனத்தின் விவரணப்படி ஆண் நாய் 61 முதல் 68 சென்ரிமீற்றர் உயரமும் ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையும் உடையது. பிள்ளைகளிடம் பிரியமுள்ள, அமைதியான இயல்பு அதற்கு வேண்டும் என்றும் அதே விவரணம் சொல்கிறது. ஆனால் இதிலெல்லாம் எனக்கு உறைத்தது மாடு ஓட்டிய செய்திதான். மாட்டை ஓட்டும் நாய் உடம்பால் தள்ளும், சாயும், மோதும். வீமன் குட்டியாக இருந்தபோது எங்கள் காலில் சாய்ந்து நிற்பதைப் பார்த்து "எவ்வளவு பாசம்" என்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அக்கா விழுந்தது அந்தச் சாய்வினால்தான். மூன்று மாதக் குட்டியில் நான் சிரித்து ஊக்குவித்ததை நான்கு வயதில் அவன் மறக்கவில்லை.

நான்கு காலும் நிலத்தில் இருக்கும்போது மட்டுமே தலையைத் தடவுவது, பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாக நிற்பது என்ற ஒரே ஒரு வழக்கத்தை வீட்டிலுள்ள எல்லோரும், வருகிற விருந்தாளிகள் உட்பட, முதல் நாளிலிருந்து கைக்கொண்டிருந்தால் போதுமாயிருந்திருக்கும். கடினம் நாய்க்கு அல்ல; "பரவாயில்லை, பாயட்டும், எனக்கு நாயென்றால் விருப்பம்" என்று சொல்லும் விருந்தாளிகளுக்குத்தான்.

ரொட்வைலர் வாங்க எண்ணும் எவரும் தாயை நேரில் பார்க்காமல் குட்டியை வாங்கக் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. தாய் அந்நியரைக் கண்டு ஒளிந்தாலோ சீறினாலோ திரும்பி வந்துவிடலாம். பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்று கேட்டால் விற்பவர்களில் பலர் விசித்திரமாகப் பார்ப்பார்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாக இருப்பதால் கேட்கத்தான் வேண்டும். எலும்பு உறுதிக்கென்று கல்சியம் பாணியைக் கரண்டி கரண்டியாக ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கல்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும் என்று மிருக வைத்தியர் சொன்ன அன்றுதான் போத்தலை எறிந்தேன்.

குட்டி உலகத்தை ஏற்கப் பழகும் காலம் மிகக் குறுகியது. மூன்றாம் வாரத்தில் தொடங்கும் அந்தக் காலம் ஏறத்தாழப் பதினான்காம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குள் அது கண்டு, கேட்டு, முகர்ந்து பயமில்லை என்று முடிவு செய்தவற்றை வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்கும், காணாதவற்றைச் சந்தேகிக்கும். தடுப்பூசிகள் முடியும் வரை வெளியே விடாதீர்கள் என்ற அறிவுரையும் சரியானதே, ஏனெனில் பார்வோ வைரஸ் ரொட்வைலர் குட்டிகளை மற்ற இனங்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. இரண்டையும் பொருத்தும் வழி எளியது: குட்டியை நிலத்தில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். கேற்றடியில் மடியில் வைத்துக்கொண்டு தினமும் கால் மணித்தியாலம் இருந்தாலே இந்த ஒழுங்கையில் ஒரு நாய் அறிய வேண்டியவை எல்லாம் கடந்து போகும்: பீதோவனின் மெட்டை ஒலித்தபடி வரும் சூன் பாண் வண்டி, தலைக்கவசம் போட்ட தபாற்காரர், குடை பிடித்த ஆச்சிமார், வெள்ளைச் சீருடையில் கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள், மாநகர சபையின் குப்பை வண்டி, கடற்கரையோரம் தடதடக்கும் ரயில். மகன் இதை ஓரளவு செய்தான். வெடிச் சத்தத்தைச் செய்யவில்லை. அதனால் வீமன் இன்றும் தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறான். அவனில் பாதிதான் உள்ளே போகிறது. ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியால் வரும் நாட்களில் அவனை நடத்திக்கொண்டு போகாமல் உள்ளறையில் மின்விசிறியைப் போட்டு வைத்திருக்கிறேன். பயந்த நாயைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போய்ப் பயம் தெளிவிக்கலாம் என்று எண்ணுவது பெருந்தவறு.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. கொழும்பில் வாழும் பலருக்கு இது விளங்கும். நான் "இரு" என்பேன், மகன் "சிட்" என்று பழக்கியிருந்தான், வேலைக்கு வரும் நங்கி "இந்தகன்ன" என்பார். மூன்று மொழியும் தெரிந்த நாய் என்று பெருமைப்பட்டோம். உண்மையில் எதையும் கேட்கத் தேவையில்லை என்று அவன் தெரிந்துகொண்டிருந்தான். இப்போது சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரு, வா, நில், விடு என்று நான்கு சொற்கள், தமிழிலும் சிங்கள எழுத்திலும். சொல்லுவது யாராயினும் அதே சொல், ஒரே தடவை, அமைதியான குரலில். செய்தால் அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டு. ஐந்து நிமிடப் பாடம் ஒரு நாளைக்கு மூன்று தடவை. அறுபத்துமூன்று வயதில் ஒரு நாய்க்கு "விடு" என்ற சொல்லைக் கற்பிக்க எனக்குப் பதினொரு நாட்கள் எடுத்தன.

அதற்கு முன் பயிற்சியாளர் ஒருவரை அழைத்திருந்தேன். முதல் நாளே முட்சங்கிலியோடு வந்தார். நாயைக் "கூர்மையாக்கித்" தருவதாகவும், யார் எசமான் என்று காட்ட வேண்டும் என்றும் சொன்னார். வீமன் உறுமியபோது அடித்தார். இரண்டாம் நாள் அவரை வர வேண்டாம் என்றேன். குரைக்கிற நாய் கடிக்காது என்று நாங்கள் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அது குரைக்கிற நாய்க்கே தெரியாது என்பது ஒருபுறமிருக்க, உறுமல் என்பது கடிக்கு முன் நாய் தரும் கடைசி மரியாதை. உடல் விறைப்பது, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, களைப்பில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது எல்லாம் அதற்கும் முந்திய சொற்கள். உறுமலுக்கு அடித்தால் கடிக்கும் எண்ணம் போகாது, அறிவித்தல் மட்டும் போய்விடும். வாலை வெட்டுவதும் இப்படித்தான். ஜேர்மனியில் 1998 இல் தடை செய்யப்பட்ட வால் வெட்டை இங்கே குட்டி பிறந்த சில நாட்களில் இன்னும் செய்கிறார்கள். வாலில்லாத நாயின் மனநிலையை மற்ற நாயும் வாசிக்க முடியாது, மனிதரும் வாசிக்க முடியாது. வீமனுக்கு வால் இருக்கிறது. மேசையிலுள்ள தேநீர்க் கோப்பைகளுக்கு அதனால் ஆபத்து உண்டு என்பதை மட்டும் அறிவிக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி நான் சமாதானமே செய்யப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, வளர்ந்தவர் ஒருவர் அதே அறையில் விழிப்போடு இல்லாத ஒரு நிமிடமும் அவர்களும் நாயும் ஒன்றாக இருப்பதில்லை. "எங்கள் நாய் பிள்ளைகளோடு நல்லது" என்ற வசனத்தை எந்த வீட்டிலும் நான் நம்புவதில்லை, என் வீட்டிலும்தான். சாப்பிடும் நாயிடம் போகாதே, உறங்கும் நாயைத் தொடாதே, கழுத்தைக் கட்டிப் பிடிக்காதே என்பவற்றை அவர்கள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஒப்புவிக்க வேண்டும்.

இனி அறிவித்தலுக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் அகற்று என்றால் எங்கே? நான்கு வயது ஆண் ரொட்வைலரை வாங்க முன்வருபவர்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தேன். களஞ்சியக் காவலுக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பகலில் இரண்டு முழச் சங்கிலி, இரவில் அவிழ்த்து விடுவது, யாரும் பழகாமல் வைத்திருப்பது என்று தன் திட்டத்தையும் விளக்கினார். சங்கிலியில் தனித்து வளரும் நாய்க்குப் பயத்தைத் தவிர வேறு தொழில் இல்லை, ஓடவும் இடமில்லாததால் கடிப்பதே அதற்கு மிஞ்சும் வழி. எமது ஒழுங்கையின் ஆபத்தை இன்னொரு ஊரின் ஒழுங்கைக்குப் பெரிதாக்கி அனுப்புவதற்கு நான் உடன்பட மாட்டேன். வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வரும் வழியில் அவருடைய வாகனத்துக்குக் கல்லெறியும் சமூகம் எங்களுடையது என்றாலும், இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இனத்தைத் தடை செய்வது சட்டத்திலும் இலகுவாக நிற்பதில்லை. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் ரொட்வைலர் உட்பட 23 இனங்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. அதற்கடுத்த மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் இரண்டு ரொட்வைலர்கள் ஒரு சிறுமியைத் தாக்கிய செய்தி வந்தது. அதை வாசித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அந்தச் செய்தியை மறைத்து உங்களிடம் பேசவில்லை. தடை வேண்டாம் என்பதற்காக ஒன்றும் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது என்பதற்கே அதைச் சொல்கிறேன்.

எங்களிடம் சட்டம் இல்லாமலும் இல்லை. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893 இலிருந்தும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 இலிருந்தும் இருக்கின்றன. இந்த ஒழுங்கையிலுள்ள எத்தனை நாய்கள் மாநகர சபையில் பதிவாகியுள்ளன, எத்தனை நாய்களுக்கு இவ்வாண்டு தடுப்பூசி போடப்பட்டது என்று உங்கள் அறிவித்தல் கேட்கவில்லை. விசர்நோய் இனம் பார்த்து வருவதில்லை. மூன்று கிலோகிராம் நாயின் கீறலும் 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டிய காயம்தான். முதலில் அந்தக் கேள்வியை எல்லா வீடுகளிடமும் கேளுங்கள்.

அதன்பின் பெரிய நாய் உள்ள வீட்டாரிடம் சங்கம் சிலவற்றைக் கேட்பது நியாயம். வெளிக் கேற்றுக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டாவது கேற் இருக்கிறதா? நாயை வெளியே கொண்டுபோகிறவர் அதை நிறுத்திப் பிடிக்கும் வலிமையும் பழக்கமும் உள்ளவரா, அல்லது வேலைக்கு வரும் சிறு பிள்ளையிடம் கயிறு போகிறதா? மூச்சிரைக்க இடமுள்ள கூடை வாய்ப்பூட்டை அணிய நாய் பழகியிருக்கிறதா? எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, எங்கும் எவரும் கேட்காத ஒரு கேள்வியை: இந்த நாய் வாழப் போகும் ஒன்பது பத்து ஆண்டுகளில் இந்த வீட்டில் இருக்கப் போகிறவர் யார், அவர் போய்விட்டால் அடுத்து யார்? பெயரும் கையொப்பமும் கேளுங்கள். அதை எழுத முடியாத வீடு ரொட்வைலர் வளர்க்கக் கூடாது. என் மகன் குட்டியைக் கொண்டுவந்த அன்று யாராவது அதைக் கேட்டிருந்தால் நாங்கள் அதை எழுதியிருக்க மாட்டோம். வீமன் இங்கே வந்திருக்கவும் மாட்டான்.

இன்று என்னால் எழுத முடியும். என் பெயரும், நீர்கொழும்பில் தோட்டக் காணியோடு வீடுள்ள என் தங்கையின் பெயரும் கையொப்பத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. அவர் மாதத்தில் இரு தடவை வந்து அவனை நடத்துகிறார், அவன் அவருடைய சொல்லையும் கேட்கிறான். பதிவுச் சான்றும் தடுப்பூசி அட்டையும் பிரதி செய்து வைத்திருக்கிறேன். இரண்டாவது கேற் சென்ற கிழமை பொருத்தப்பட்டது. வெயிலும் தாரும் சுடுவதால் கறுப்பு நாயைப் பகலில் நடத்த முடியாது. காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் நாங்கள் வெளியே வருவோம், வாய்ப்பூட்டோடு, ஒழுங்கையின் இடப்பக்கமாக. அந்நேரத்தில் வலப்பக்கமாக நடக்க விரும்புபவர்களுக்கு இது உதவும்.

நிருவாகக் குழு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்வீட்டு அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரச் சொன்னது நானல்ல, தன் கையை முறித்தவன் பாடம் படித்தானா என்று தானே பார்க்க வேண்டுமாம். அவர் திருப்திப்படாவிட்டால், தங்கை அன்றே அவனை ஏற்றிக்கொண்டு போவார். அதற்கு மூன்று மாத அவகாசம் தேவையில்லை. மணியை அடித்துவிட்டு, உள்கேற் பூட்டும் சத்தம் கேட்கும்வரை தயவுசெய்து வெளியே நில்லுங்கள். வந்ததும் அவனைப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம், பிஸ்கற் கொண்டுவர வேண்டாம். நான் "இரு" என்பேன். அவன் இருந்த பிறகு பேசுவோம்.

இங்ஙனம்,
வீமனின் வீட்டுக்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.